உடைப்பதற்கு முன் ஒரு பிரதி

முதல் விலைக்கே தலையாட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று பொட்டிக்காரரின் மனைவிக்கு அன்று மத்தியானம் வயிறு எரிந்தது. ஓவியர் மன்றத்துக்குப் போய்த் திரும்பியவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூடியோ பெஞ்சில் வாடிக்கையாளரைப் போல உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். இந்த வருஷக் கண்காட்சியில் அவர் எடுத்த புகைப்படம் ஒன்றை மாட்டச் சம்மதித்துவிட்டார்கள். அந்தச் சுவரில் புகைப்படம் ஏறுவது இதுவே முதல் தடவை. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஓவியம் என்றால் உலகத்தில் ஒன்றுதான் இருக்கும்; புகைப்படத்தையோ நோட்டீஸ் மாதிரி அடித்துத் தள்ளலாம். ஆகவே ஒரே ஒரு பிரதி போட்டுக்கொண்டு, கண்ணாடி நெகடிவை உடைத்துவிட வேண்டும். மன்றத் தலைவர் நாளைக்குத் தாமே வந்து கண்ணால் பார்த்துக்கொள்வார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னேன்.”

அவள் துணி வியாபாரியின் மகள். அவள் பிறந்த வீட்டில் சொன்ன விலைக்கு ஒருவர் தலையாட்டினால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள்.

அதிலும் அது அவளுடைய படம். ஒரு சாயங்காலம், வெயில் விழுந்த கடைக் கதவில் சாய்ந்து, அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி யாரைத் திட்டலாம் என்று அவள் நிமிர்ந்த நேரத்தில் எடுத்தது. முகம் பாதி நிழலில். முதலில் பார்த்தபோது சண்டையே பிடித்தாள். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் பவுடர் பூசிப் பூந்தொட்டி பக்கத்தில் நிற்க வைக்கிறவருக்கு, கட்டினவள் மட்டும் செருப்பும் கையுமாகத்தான் கிடைத்தாளா?

“அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி அவங்க வாங்கிட்டுப் போறாங்க. இது எனக்குப் பிடிச்சது,” என்றார். அதற்கு மறு விலை சொல்ல அவளால் முடியவில்லை. அப்புறம் அவள் அந்தப் படத்தைத் தனியாக எடுத்து எடுத்துப் பார்த்தது அவருக்குத் தெரியாது.

புகைப்படமும் ஒரு கலைதான் என்று முடிவெட்டுபவர், தபால்காரர், பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் என்று ஒருத்தரையும் விடாமல் வருஷக்கணக்கில் பேசிய மனிதர் அவர். படத்தைக் கேமராப் பொட்டிதானே பிடிக்கிறது, நீ அமுக்கத்தானே செய்கிறாய் என்று கேட்டுக் கேட்டு ஊர் வைத்த பெயர்தான் பொட்டிக்காரர். இப்போது, “உடைஞ்சா உடையட்டும், சுவத்துல ஏறினாப் போதும்,” என்றார். அடக்க விலைக்குக் கீழே விற்கிறவனின் குரல் அது.

மறுநாள் தலைவர் வந்தார். நரைத்த தாடி, சட்டைக் கையில் காயாத நீல வண்ணம். கைக்குட்டையில் சுற்றிச் சொந்தச் சுத்தியல் வேறு கொண்டுவந்திருந்தார். நம் வீட்டுச் சுத்தியல் மேல் அவ்வளவு நம்பிக்கை.

“உக்காருங்க ஐயா. மாட்டப்போற பிரதிய இன்னும் போடல. உங்க கண் முன்னாலயே போட்டுட்டு உடைச்சிடலாம்,” என்றாள்.

பொட்டிக்காரர் திடுக்கிட்டார். பிரதி நேற்றே போட்டுக் காய்ந்து உள்ளே கிடந்தது. ஆனால் அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். அவளுடைய அப்பா துணியைப் புகழவே மாட்டார். வந்தவர் மடியில் விரித்துப் போட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசுவார்.

இருட்டறையில் சிவப்பு விளக்கு. புளித்த மருந்து வாடை. மூன்று பேர் நின்றால் மூச்சு இடிக்கும். மேலே கண்ணாடி நெகடிவ் வழியாக வெளிச்சம் இறங்கியதும், கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் அவள் உருவம் தாளில் விழுந்தது. பொட்டிக்காரர் உள்ளங்கையை அதன் நடுவே நீட்டி, முகத்தின் மேல் நிழல் விழும்படி நிறுத்தாமல் அசைத்தார். பிறகு இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்து, விரல் சந்து வழியாகக் கதவின் மேல் மட்டும் ஒழுக விட்டார்.

“கைய எதுக்கு ஆட்டுறீங்க?” என்று தலைவர் கேட்டார்.

“முகத்துக்கு வெளிச்சம் இது போதும், கூடினா கறுத்துடும். கதவுக்கு இன்னும் வேணும். ஆட்டாம வச்சா நிழல் கோடு விழுந்துடும்.”

“எவ்வளவு வேணும்னு எப்படித் தெரியும்?”

“தெரியாதுங்க. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரிதான் வருது,” என்றார், சரக்கில் உள்ள குறையை ஒப்புக்கொள்கிறவரைப் போல.

அந்த வார்த்தை கீழே விழுவதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள். “நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்களேன் ஐயா. அதே கண்ணாடிதான்.”

இதென்ன பிரமாதம் என்று தலைவர் சட்டைக் கையைச் சுருட்டினார். வந்த படத்தில் கதவு வெறும் வெள்ளை. அவள் முகம் கரி.

“அடுப்புக்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்திருக்கேன் போல,” என்றாள். தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி போட்டார். இந்தத் தடவை முகம் தெளிந்தது. ஆனால் தலைக்கு மேல் ஒட்டடை மாதிரி அவர் கை நிழல் தொங்கியது. பொட்டிக்காரர் போட்டதையும் சேர்த்து மூன்றையும் தண்ணீர்த் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். அதே பெண், அதே செருப்பு; ஆனால் நோட்டீஸ் மாதிரி ஒன்றுபோல் ஒன்று இல்லை. பொட்டிக்காரர் போட்டதில் இருந்தவளுக்கு மட்டும் கோபம் வந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டு படத்திலும் அவள் சும்மா நின்றாள்.

கடைத்தெருவுக்கே பிரசங்கம் செய்கிற மனிதர் அந்த நேரம் பார்த்து ஒன்றும் பேசாமல் நின்றார். அதற்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் தாள் வீணாகிவிடும் என்று அவள் உள்ளிருந்தபடியே, கொஞ்சம் இருங்க என்றாள்.

“இன்னொரு தாள் குடுங்க,” என்றார் தலைவர். உடைப்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் நினைவூட்டவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். குளிர்காய்கிறவரைப் போல இரண்டு கையையும் மெல்ல வெளிச்சத்துக்குள் நீட்டினார். பொட்டிக்காரர் அவருடைய மணிக்கட்டை லேசாகப் பிடித்து, கொஞ்சம் உயர்த்திவிட்டார்.

தாள் மருந்துக்குள் இறங்கியது. மூன்று தலைகளும் குனிந்தன. வெள்ளையில் முதலில் கூந்தல் கசிந்தது, பிறகு செருப்பைப் பிடித்த கை. முகம் இன்னும் வரவில்லை. தலைவர் தட்டின் ஓரத்தை ஒரு விரலால் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார்.