யார் சட்டை இது?

சலவைக் கடைக்காரர் மனைவியோடு கடலோரத்துக்கு வந்து இது இரண்டாவது நாள். இன்னும் கடலைச் சரியாகப் பார்த்த பாடில்லை. விடுதி அறையில் ஜன்னலோரம்தான் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகைக் கடலுக்கும் முகத்தைப் போனுக்கும் கொடுத்து உட்கார்ந்துவிட்டார்.

கடை திறந்த நாளிலிருந்து அவர் எந்தத் துணியிலும் அடையாளச் சீட்டு குத்தியதில்லை. மற்ற கடைகளில் காலருக்குள் எண் எழுதுவார்கள். இவருக்கு அது கௌரவக் குறைச்சல். துணியைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவார். வலது முழங்கை தேய்ந்திருந்தால் வங்கி குமாஸ்தா. மேல் பொத்தான் வேறு நூலில் தைத்திருந்தால், தானே ஊசி பிடிக்கும் கணக்கு வாத்தியார். வாடிக்கையாளர்கள் வாய்பிளந்து நிற்பார்கள். அந்தப் பெருமையின் பலன், அவர் இல்லாவிட்டால் கடையிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட எடுத்துக் கொடுக்க ஆளில்லை. காய்ச்சல் வந்தாலும் துணி மூட்டைமேல்தான் படுத்துக் கிடப்பார்.

கிளம்பும்போதே மனைவி சொல்லியிருந்தாள்.

"இதோ பாருங்க, இந்தத் தடவையும் கடையைக் கையோட கூட்டிட்டு வந்தீங்கன்னா, இனிமே உங்களைக் கூப்பிடவே மாட்டேன். எங்க போனாலும் தனியாத்தான் போவேன். கோவத்துல சொல்லலை."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். பேருந்தில் ஏறியதும் போனை அணைத்தே வைத்தார். அது முதல் வளைவு வரைக்கும்தான்.

கடையில் இஸ்திரி போடும் அக்கா வீடியோ அழைப்பில் ஒவ்வொரு துணியாகத் தூக்கிக் காட்ட, இவர் திரையில் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். காலரைத் திருப்பு, உள்பக்கம் காட்டு என்பார். பிறகு மருந்துக் கடைக்காரர், மாடி வீட்டு மாப்பிள்ளை என்று தீர்ப்புச் சொல்வார். ஒரு சாம்பல் நிறக் கால்சட்டைக்காக, வந்த மனிதரையே திரைமுன் நிறுத்தித் திரும்பச் சொன்னார். அவரும் பாவம், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோலக் கூச்சத்தோடு திரும்பி நின்றார்.

காலையில் மனைவி உடுத்திக்கொண்டு கதவருகே நின்று, வருகிறீர்களா என்று கேட்டாள். அவர் தலையை நிமிர்த்தாமல், இதோ வருகிறேன் என்று கையைக் காட்டினார். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. படாரென்று சாத்தியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மதியம் நெருங்கும்போது போன் ஓய்ந்தது. கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தீ கீ பிடித்துவிட்டதா, அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டாளா? அவரே கூப்பிட்டார்.

"ஏன்க்கா கூப்பிடலை?"

"தேவைப்படலை முதலாளி. கூட்டம் சேர்ந்துடுச்சு. எல்லாத்தையும் மேஜை மேல பரப்பிட்டேன். அவங்கவங்க துணி அவங்கவங்களுக்குத் தெரியாதா? எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"மாறிப் போயிருந்தா?"

"ஒண்ணு மாறிச்சு. கை நீளமா இருக்குன்னு அவரே திருப்பிக் கொண்டுவந்துட்டார். நீங்க சாப்பிட்டீங்களா?"

இத்தனை வருஷம் அவரைக் கட்டிப்போட்டிருந்த வேலையை ஒரு மேஜை செய்துவிட்டது.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தார். போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தார். மனைவி.

சாப்பாடு வாங்கிவிட்டதாகவும், கரையில் இருப்பதாகவும், வருவதானால் வரலாம் என்றும் சொன்னாள். கரையில் எங்கே என்று கேட்டார்.

"வந்து கண்டுபிடிங்க. துணியைப் பார்த்து ஆளைச் சொல்றவர்தானே? நான் இன்னைக்கு என்ன உடுத்தியிருக்கேன், சொல்லுங்க."

காலையில் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைத்தாள்.

போனைத் தலையணைமேல் போட்டுவிட்டு இறங்கினார். மணலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். கண் தன்பாட்டுக்குத் துணிகளின் மேல் ஓடியது: ஓரம் பிரிந்த மஞ்சள், நீலம் போட்டுக் கெடுத்த வெள்ளை, சுருங்கிய கம்பளி. எதுவும் அவளைச் சொல்லவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று சட்டைப்பையைத் தொட்டார், காலி. போனை எடுத்துவர விடுதிப் பக்கம் நான்கைந்து அடி நடந்தவர், அறையில் நுழைந்தால் திரும்ப வரமாட்டோம் என்று தெரிந்து நின்றார்.

வேறு வழியில்லாமல் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அவர்களும் இவரைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் எப்படி உட்காருவாள்? ஒரு காலை மடித்து, தலையை லேசாகச் சாய்த்து. அது தனக்குத் தெரிந்திருந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

கவிழ்த்து வைத்த படகின் நிழலில், தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கரும்பச்சைச் சேலையில் வெள்ளைப் புள்ளிகள்.

"புதுசா?" என்றார்.

"நாலஞ்சு வருஷமாக் கட்டறேன். நம்ம கடையிலதான் சலவையாகுது."

அவர் மணலில் உட்கார்ந்தார். போன் எங்கே என்று கேட்டாள். மேலே என்றார்.

"அடிச்சா?"

"மேஜை பார்த்துக்கும்."

அவளுக்குப் புரியவில்லை, அவரும் விளக்கவில்லை. கடல் அவருக்கு நேர் எதிரே இருந்தது. சிறிது நேரத்தில் அவர் கை தானாகப் போய்ச் சட்டைப்பையைத் தடவியது. அவள் அதைக் கவனித்தாள். சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.