எதிரி கிறகோரி

1932ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், கொழும்புத்துறை மீன்காரி மக்டலீனின் மகன் கிறகோரி பன்னிரண்டு வயதுப் பொடியனாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே முப்பது வயது ஆளாக இறங்கினான். அன்றைக்குச் சந்தையில் பாரை மீன் மலிவு.

அவன் செய்த குற்றம், சுங்க உத்தியோகத்தரின் சைக்கிள் மணியைக் கழற்றியது. கழற்றினவன் அதை அடித்துக்கொண்டே கடற்கரை நீளத்துக்கும் ஓடினான் என்றால், களவெடுக்கத் தெரிந்த ஆளா அவன்? அதைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குப் பெயர் எதிரி. மொழிபெயர்க்கும் முதலியார் "எதிரி எழும்பு" என்றதும் பொடியனுக்கு மீசை அரும்பியது. "எதிரி மணியைக் கழற்றினது உண்மையோ?" என்றதும் தோள் அகன்று சட்டை கிழிந்தது. அந்தச் சொல் விழ விழ அவன் வளர்ந்தான். நீதவான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது முன்னால் நின்றது முழு ஆம்பிளை. முழு ஆம்பிளைக்கு உரிய தண்டனையையே கொடுத்தார், ஒரு வருட மறியல், கல்லுடைக்கிற சிறை. கண்ணால் கண்டதற்குத்தானே தீர்ப்பு!

"ஐயா, ஆருக்கு எதிரி உவன்? இன்னும் என்ரை சீலைத் தலைப்பிலை மூக்குத் துடைக்கிற பிள்ளை!" என்று கத்திய மக்டலீனை வெளியே தள்ளினார்கள். வாசலில் வழக்குப் பிடிக்க நின்ற வக்கீல், பிரக்கிராசி அருளம்பலத்தின் கையைப் பிடித்தாள். "வளந்தது வளந்ததுதான், பிள்ளை. அப்பீலுக்கும் இடமில்லை" என்று அவர் கையை விரித்தார்.

"வளத்தது நீங்கள். சின்னனாக்கிறது நான்" என்றாள் அவள்.

மறுநாள் தொடக்கம், மீன் விற்று முடிந்த கையோடு மறியல் மதிலடியில் போய் நின்று, "குஞ்சு! என்ரை குஞ்சு!" என்று வீட்டுப் பெயரால் கூப்பிட்டாள். காவலர் விரட்டினால் மற்றப் பக்கத்து மதிலடிக்குப் போனாள். மாரியில் தொண்டை கட்டியது. அந்தக் கட்டின தொண்டையாலும் கூப்பிட்டாள். விசர் பிடித்துவிட்டது என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டுமே, ஊருக்கு என்ன வேலை! உள்ளே கிறகோரியின் மீசை உதிர்ந்தது, தடித்த குரல் மெலிந்தது, மறியல் காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. அவனோடு கல்லுடைத்த பழைய கள்ளன் ஏரம்பு, தன்னைத்தான் ஆரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, அவனும் ஒரு சாண் குறைந்துபோனான். ஜெயிலர் சின்னப் பாயாக இரண்டு எடுப்பித்தார். வேறென்ன செய்வார், பாவம்!

தண்டனை முடிந்து கதவு திறந்தபோது வெளியே வந்தவனுக்கு ஐந்து வயது. மக்டலீன் கொஞ்சம் கூடக் கூப்பிட்டுவிட்டாள். அதற்காக அவள் கவலைப்படவில்லை; இன்னும் ஏழு வருடம் கூட வளர்க்கக் கிடைத்தது என்று சந்தோசப்பட்டாள். மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நீதிமன்ற வாசலைத் தாண்டிப் பட்டப்பகலில் சந்தைக்குள்ளால் நடந்தாள்.

"இறக்கி விடணை, அம்மா. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்" என்று அவனை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.