துறைத்தலைவரின் சுருதி

போர்ட் பிளேரின் அந்தப் பல்கலைக்கழக இசைத்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விழாவானாலும் ஆசிரியர்கள் சேர்ந்து பாடும் இறைவணக்கத்துக்குத் துறைத்தலைவரின் சுருதிதான். தலைவர் பாலசுப்பிரமணியத்துக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு எட்டாத கீழ்ச் சுருதி. அதனால் ஆசிரியைகள் வைஜெயந்தியும் ஜாக்குலினும் பல வருடங்களாக அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தார்கள். பாட்டா அது? பல்வலிக்காரர்கள் கூடி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

அதைவிட வைஜெயந்திக்கு எரிச்சல் மூட்டியவர் சக ஆசிரியர் பாலகுமார். ஒவ்வொரு விழா முடிந்ததும் தலைவரிடம் ஓடுவார். "இந்தச் சுருதிலதான் சார் கம்பீரமே இருக்கு" என்பார். தலைவர் தும்மினாலும் அதில் ஒரு ராகம் கண்டுபிடிக்கிற ஆள்.

"வெட்கங்கெட்ட ஜென்மம்" என்பாள் வைஜெயந்தி, ஜாக்குலினிடம்.

ஜாக்குலினுக்கு இயல்பான சுருதி நாலு கட்டை. கீழே முனகி முனகித் தொண்டை புண்ணாகிவிட்டது. சொந்தச் சுருதியில் பாடாவிட்டால் பாட்டையே மறக்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டை விட்டால் அவளுக்கு வேலையும் இல்லை.

"அந்த நாற்காலி என்கிட்ட வரட்டும் ஜாக்குலின். மொத வேலையா இந்தக் கூத்த நிறுத்துறேன்" என்று வைஜெயந்தி வாக்குக் கொடுத்தாள். மனதாரத்தான் கொடுத்தாள்.

பாலசுப்பிரமணியம் ஓய்வு பெற்று மெயின்லேண்டுக்குக் கப்பலேறினார். நாற்காலி வைஜெயந்திக்கு வந்தது. அவள் பொறுப்பேற்ற விழாவில், யாரும் சொல்லாமலே பாலகுமார் சுருதிப்பெட்டியை வைஜெயந்தியின் சுருதியான ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றி வைத்திருந்தார்.

பாட்டு தொடங்கியது. வைஜெயந்தியின் குரல் தடையில்லாமல் மேலே போயிற்று. ஆண்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கீச்சிட்டார்கள். ஜாக்குலின் அனுபல்லவியில் உடைந்து இருமினாள். வைஜெயந்தி பாட்டை நிறுத்தவில்லை.

பாலகுமார் முதல் ஆளாக வந்தார். "அபி தோ, இப்பத்தான் டிபார்ட்மெண்டே ஜொலிக்குது மேடம். இத்தன நாளா கீழ போட்டு அமுக்கி வெச்சிருந்தாங்க."

இந்த ஆளுக்குக் கொஞ்சம் ஞானம் இருக்கத்தான் செய்கிறது என்று வைஜெயந்திக்குத் தோன்றியது.

தொண்டையைப் பிடித்தபடி ஜாக்குலின் வந்து நின்றாள். "அக்கா, நிறுத்துறேன்னு சொன்னியளே."

"சொன்னேன்தான். நீ ஒழுங்கா சாதகம் பண்ணு, தொண்டை தானா மேல வரும்" என்றாள் வைஜெயந்தி. "அப்புறம், டிபார்ட்மெண்ட்ல அக்கான்னு கூப்பிட வேண்டாம்."

"சரி மேடம்" என்றாள் ஜாக்குலின். வெறும் காற்றுதான் வந்தது.