அண்ணன் சொன்ன சாட்சி

ஏசி மெக்கானிக் வேலையில் கைராசிக்காரி என்று பெயரெடுத்தவள் அவள். கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவள் 'சில்லக்கா'. ராணுவத் தகவல் மையத்தில் நிரந்தர வேலை என்று உத்தரவு வந்தபோது பட்டறையே கைதட்டியது. ஆனால் உத்தரவோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கட்டடத்துக்குள் ஸ்க்ரூ டிரைவரோடு நுழைவதற்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். கடன்கண்ணி வரை துருவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

அங்கேதான் அவளுக்குச் சிக்கல். அண்ணன் சலவைக்கடை வைத்தபோது வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் அவள். கடை படுத்துவிட்டது, அண்ணன் கையை விரித்துவிட்டான், தவணை அவள் தலையில் விடிந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திவந்தாள். நடுவில் சில மாதம் தவறியும் போனது. அண்ணனோடு பேச்சும் நின்றுபோயிருந்தது.

"கடன் இருந்தா கதவையே தொறக்க மாட்டாங்களாம். டிப்போல சொல்றாங்க," என்றார் பஸ் ஓட்டும் கணவர். "யார்கிட்டயாவது கைமாத்து வாங்கி அடைச்சிடலாமா?"

"ஒரு கடன மறைக்க இன்னொரு கடனா? வேணாங்க. இருக்கறத இருக்கறபடியே சொல்லிடறேன். வேலை கெடச்சா கெடைக்கட்டும்."

விசாரணைக்கு உட்கார்ந்த அதிகாரி, சிரிப்பைச் செலவழிக்காத ஒரு பெண்மணி.

"இந்தக் கடன் யாருக்கெல்லாம் தெரியும்?"

"வீட்டுக்காரருக்குத் தெரியும் மேடம். தெருவுக்கே தெரியும். வசூலுக்கு வந்தவர் போட்ட சத்தத்துல மாடி வீட்டுக் கிளியே என் பேரச் சொல்ல ஆரம்பிச்சிடுச்சு."

அதிகாரியின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "கடன் இருக்கறது மட்டும் பெரிய குத்தமில்லம்மா. அத ஒளிச்சு வெச்சா, 'வெளிய சொல்லிடுவேன்'னு ஒருத்தன் உங்கள மிரட்டலாம். பணத்தக் காட்டி உள்ள இருக்கற ரகசியத்தக் கேக்கலாம். அதத்தான் பாக்கறோம். உங்க அண்ணனையும் விசாரிப்போம்."

அவளுக்குத் திக்கென்றது. கோபத்தில் இருப்பவன் வாயில் என்ன வருமோ!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணன். இப்போது ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறானாம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா மச்சான், வாசல்ல நின்னா வாடகை கேப்போம்," என்று கணவர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"ஆபீசரம்மா வந்தாங்க, பாப்பா," என்றான் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "'உங்களுக்கு பணக்கஷ்டம்னா, உங்க தங்கச்சி ஏதாவது தப்பான வேலை செய்வாங்களா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"செய்ய மாட்டான்னேன். எப்படி அவ்ளோ நிச்சயமா சொல்றீங்கன்னாங்க. அப்புறம் மறைக்க என்ன இருக்கு? கடை படுத்தப்ப, மெஷின்லாம் தண்ணில முழுகிடுச்சுன்னு பொய் சொல்லி இன்சூரன்ஸ் கேக்கலாம், நீயும் சாட்சிக் கையெழுத்துப் போடுன்னு உன்கிட்ட கெஞ்சினேன்ல? முடியவே முடியாதுன்னுட்ட. அந்தக் கோவத்துலதான் பேசாம இருந்தேன். அத அப்படியே சொல்லிட்டேன்."

அண்ணனுக்குக் கௌரவம்தான் உயிர். அதையே முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"சொல்றதுக்கு அவமானமா இல்லையாண்ணே?"

"இருந்துச்சு. முழுங்கிட்டேன்," என்றான். பிறகு மெதுவாக, "இந்த மாசத்துலேர்ந்து தவணைல பாதி என்னோடது. வேணாம்னு மட்டும் சொல்லிடாத."

"வேணாம்னு யாரு சொன்னா?" என்றாள் அவள் பட்டென்று. மூவரும் சிரித்துவிட்டார்கள். அன்று மதியம் அண்ணன் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சில வாரம் கழித்து அனுமதி வந்தது. தவணை தவறக்கூடாது, புதுக்கடன் வாங்கினால் தெரிவிக்க வேண்டும் என்று இரண்டு கட்டுப்பாடுகள். அவளுக்கு அது பாரமாகவே தெரியவில்லை.

முதல் நாள், கனத்த கதவு ஒன்று அவள் அட்டையைப் பார்த்ததும் திறந்தது. உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள் முனகிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு மின்விசிறி லேசாகக் கரகரத்தது. காதைத் தீட்டியபடி, கருவிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சத்தம் வந்த திசையில் சந்தோஷமாக நடந்தாள்.