நின்ற இடத்தில் உறுமிய வண்டி

அண்ணன் போன பிறகு அப்பா ஒரே ஒரு சட்டம் போட்டார். அவன் காரில் ஓட்டுநர் சீட்டை யாரும் நகர்த்தக் கூடாது. அவன் சட்டைகளை நான் மூட்டை கட்டிக் கொடுத்தபோது அப்பா வாயைத் திறக்கவில்லை. கட்டிலை மாடியறைக்கு மாற்றியபோது ஒரு பக்கம் அவரே பிடித்தார். சீட்டை மட்டும் தொடக் கூடாது.

அண்ணன் நெட்டை. எங்கள் வீட்டில் நாற்காலி போடாமல் ஒட்டடை அடிக்க முடிந்தவன் அவன் ஒருவன்தான். சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்மானத்தைக் கொஞ்சம் மல்லாத்தி, அவனுக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தான். அப்பா குள்ளம். அதில் அவர் உட்கார்ந்தால் கால் பெடலை எட்டாது, அந்தரத்தில் ஆடும். அப்படியிருந்தும் வண்டியைச் சும்மா விட அவருக்கு மனசு வரவில்லை. பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். நின்றுபோன வண்டியைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. காலையில் காபி குடித்ததும் ஷெட்டுக்குப் போவார். கார்க் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே குனிந்து, குடைக் கம்பால் கிளட்சை அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்புவார். இஞ்சின் உறுமும். இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு அணைத்துவிட்டு வந்து பேப்பரை விரிப்பார். மழையோ காய்ச்சலோ, ஒருநாள் கூடத் தவறியதில்லை.

"எதுக்குப்பா இந்தச் சர்க்கஸ்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வண்டின்னா தெனமும் மூச்சு விடணும்மா. சும்மா நின்னா செத்துரும்" என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்க்காமல் குடையைத் துடைத்தார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், அது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தக் குடை விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. அண்ணன் போவதற்கு முந்தைய வாரம் நெஞ்சில் எரிச்சலாக இருக்கிறது என்று சொன்னான். "கேஸா இருக்கும், வெந்நீர் குடி" என்றார் அப்பா. அவனும் குடித்தான். அடுத்த வாரம் ஒருநாள் காரை ஷெட்டிலேயே விட்டுவிட்டு, கூட வேலை பார்ப்பவர் வண்டியில் ஆபீசுக்குப் போனான். மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த வெந்நீரைப் பற்றி அப்பாவும் நானும் இதுவரை பேசியதே இல்லை. அவர் காரோடு பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கார் மேல் அண்ணனுக்கு அப்படியொரு பைத்தியம். கல்யாணப் பேச்சை எடுத்தால் நழுவிவிடுவான், ஆயில் மாற்றுவதை மட்டும் தள்ளிப்போட மாட்டான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த பெட்ரோல் இஞ்சின். சின்ன இஞ்சின், ஆனால் மலைப்பாதையிலும் மூச்சு வாங்காது என்று பீற்றிக்கொள்வான். சாயங்காலம் வாசலில் வந்து நின்றதும் உடனே இறங்க மாட்டான். இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, ஸ்டியரிங் மேல் கை வைத்து, அப்படியே உட்கார்ந்திருப்பான்.

"சாப்பாடு ஆறுது, உள்ள வாயேன்" என்று கத்துவேன்.

"டர்போ ஆறட்டும்டி. கொதிக்கக் கொதிக்க அணைச்சா உள்ள ஆயில் கருகிடும்" என்பான். எனக்கென்னவோ அவன் யாரோடோ போனில் பேசுகிறான் என்று சந்தேகம். எட்டிப் பார்ப்பேன். போன் பக்கத்து சீட்டில் கிடக்கும். சும்மாதான் உட்கார்ந்திருப்பான்.

மாதங்கள் போயின. அப்பா ஆயில் குச்சியை உருவிப் பார்த்துப் பெருமைப்படுவார். "ஒரு சொட்டு கொறையல பாத்தியா? எங்க டெப்போ வண்டிங்கள்லாம் குடம் குடமா குடிக்கும்." எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

பிறகு ஒரு காலையில் இஞ்சின் நடுங்கியது. குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி வண்டி மொத்தமும் உதறியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்பா அணைத்தார், மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். வீட்டுக்குள் வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "பல்லிய வரச் சொல்லு" என்றார்.

பல்லி, ஒரு காலத்தில் அப்பாவிடம் தொழில் பழகியவர். வண்டிக்கு அடியில் மல்லாந்து ஒட்டிக்கொண்டே வேலை பார்ப்பார் என்பதால் டெப்போவில் வைத்த பெயர். இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வண்டியை அங்கே எடுத்துப் போகிறேன் என்றார். சீட்டை நகர்த்தாமல் எடுத்துப் போக முடியுமா என்று அப்பா கேட்டார். பல்லி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கருவிகளை எங்கள் ஷெட்டுக்கே கொண்டு வந்தார்.

அவர் ஒவ்வொரு குழாயாகக் கழற்றக் கழற்ற, அப்பா சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து ஒவ்வொன்றிலும் கோடு போட்டார். அது அவருடைய வேதம். எதைக் கழற்றினாலும் முதலில் அது இருந்த இடத்தைக் குறித்துவிட வேண்டும். ரிட்டையர் ஆகியும் அவர் பையில் சாக்கட்டி இல்லாத நாள் இல்லை. துவைக்கப்போகும் சட்டையிலிருந்து அதை எடுத்து வைத்தே எனக்கு அலுத்துவிட்டது.

காற்று உள்ளே போகும் வழியைத் திறந்து பல்லி டார்ச் அடித்தார். வால்வுகளின் மேல் கருப்பாக, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி, கரி அப்பிக் கிடந்தது. அப்பா குனிந்து பார்த்தார். ஆயில் குச்சியை உருவி மூக்கருகே கொண்டுபோனார். இத்தனை நாள் அளவை மட்டும் பார்த்தவர் அன்றைக்குத்தான் முகர்ந்தார்.

"பெட்ரோல் வாசனை அடிக்குதே."

"ஆமாங்கய்யா."

"கொறையாம இருந்துச்சு. அதுல பெட்ரோல் எறங்கி ரொம்பியிருக்கு. அதானே?"

பல்லி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இந்த இஞ்சின்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுதுங்கய்யா. பழைய வண்டில வால்வ கழுவிட்டுப் போகும். இதுல வால்வு மேல படவே படாது, கரி தங்கிடும். நல்லா சூடாகி, ரோட்ல இழுத்து ஓடினாத்தான் தாங்கும். சூடேறாம நின்ன எடத்துலயே…"

அப்பா என் பக்கம் திரும்பினார். "நான் தெனமும் ஸ்டார்ட் பண்ணதுதான் தப்பா?"

பல்லி காரின் மறுபக்கம் போய்விட்டார். பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க இஞ்சினோடு கிடந்த மனுஷனிடம் இஞ்சினைப் பற்றி என்ன பொய் சொல்வது?

"ஆமாப்பா" என்றேன்.

அவர் ஷெட் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். "அவன் நெஞ்சு எரியுதுன்னான். வெந்நீர் குடின்னேன். இதையாவது ஒழுங்காப் பாத்துக்கலாம்னு நெனச்சேன்" என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் இருந்தது.

பல்லி கரியைச் சுரண்டி எடுத்து, ஆயிலையும் பிளக்குகளையும் மாற்றினார். அப்பாவின் கோடுகளைப் பார்த்தே எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். டர்போ தப்பித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். கிளம்பும்போது வாசலில் என்னிடம் மட்டும், "ஓட்டணும். ஓட்டலன்னா மறுபடி இதே கதைதான். யாராவது உக்காந்து ஓட்டுங்க" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது. வேறு யாரையும் அப்பா அந்த சீட்டில் உட்கார விடமாட்டார்.

மறுநாள் காலை அப்பா ஷெட்டில் ஒரு வித்தை செய்து பார்த்தார். முதுகுக்குப் பின்னால் சோபாத் தலையணையை வைத்து உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. இன்னொன்றை வைத்தார். எட்டியது, ஆனால் மூக்கு ஸ்டியரிங்கில் இடித்தது. வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். தலையணைகளை என்னிடம் நீட்டினார்.

"கேட்டைத் தொறம்மா."

கேட்டைத் திறக்கும்போது எனக்குப் பின்னால் கடகடவென்று சத்தம் கேட்டது. சீட் முன்னால் வந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. பிறகு போய் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

பெரிய ரோட்டில் அப்பா ஓட்டினார். வண்டி முதலில் தயங்கியது. சூடேறியதும் நடுக்கம் போய்விட்டது. ஏற்றத்தில் காலை அழுத்தினார். டர்போ மெல்ல விசிலடிக்க, வண்டி எங்கள் இருவரையும் முதுகோடு அழுத்திக்கொண்டு மேலே பாய்ந்தது. "சும்மா பீத்தலையே அவன்" என்றார் அப்பா. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் அணைக்கவில்லை. ஸ்டியரிங் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நானும் இறங்கவில்லை. டர்போ ஆறட்டும் என்று இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஏன் தினமும் அப்படி உட்கார்ந்திருந்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது நன்றாக இருந்தது. ஒருநாளாவது நான் கத்தாமல் வந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

பிறகு அப்பா வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தி அணைத்தார். கீழே இறங்கி, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். சீட் ஓடும் சட்டத்தில் டக் என்று ஒரு பல்லில் நின்றது. பார்த்தார். இன்னொரு பல் தள்ளினார். பிறகு ஒன்று முன்னால் இழுத்தார்.

"இதாம்மா?"

"கொஞ்சம் பின்னால இருந்துச்சுப்பா."

தள்ளினார். "இதா?"

எனக்குத் தெரியவில்லை. நேற்று வரை கண்ணை மூடினாலும் அந்த சீட் எனக்குத் தெரிந்தது. இப்போது எந்தப் பல்லில் நிறுத்தினாலும் அது சரியாகவும் இருந்தது, தப்பாகவும் இருந்தது.

"நீங்க குறிச்சு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டார். சாக்கட்டி வெளியே வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பையிலயேதாம்மா இருந்துச்சு" என்றார்.

பிறகு கம்பியைப் பிடித்து, சீட்டைத் தன் கால் எட்டும் அளவுக்கு முன்னால் இழுத்தார்.

"இருக்கட்டும். நாளைக்கும் ஓட்டணும்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.