பேர்ட்ஸ்லிக்குக் கை ஆடியது

வாஷிங்டனிலிருந்து லூசியஸ் பேர்ட்ஸ்லி ஊர் திரும்பிய அன்றே, கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி சூப் மேஜை விரிப்பில் சிந்தியதை அவர் மனைவி அல்மைரா பார்த்துவிட்டாள். ரயிலில் வந்த அலுப்பு என்றார் அவர். அலுப்பாவது ஒன்றாவது! டன்ஹாலோவில் பிறந்த பச்சைக் குழந்தைக்குக்கூட அந்த நடுக்கம் என்னவென்று தெரியும்.

தொப்பி செய்கிற ஊர் அது. முயல் ரோமத்தில் பாதரசத் திராவகம் தடவி, நீராவியில் பிசைந்தால் கனெக்டிகட் மாநிலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத தொப்பி வரும். தடவுகிறவனுக்கும் பிசைகிறவனுக்கும் சில வருஷத்தில் கை ஆடும், பல் கறுக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். லூசியஸ் முதலாளியான பிறகும் திராவகத் தொட்டியில் கைவிட்டுப் பதம் பார்க்காமல் ஒரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. ஆனால் அந்த நடுக்கத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் குடி. கை ஆடினால் குடிகாரன், வீட்டுக்குப் போ, அவ்வளவுதான். மகா கெட்டிக்காரர்! மதுவிலக்கு பேசியே ஓட்டு வாங்கி நாட்டுக்குச் சட்டம் செய்யப் போனவர் அல்லவா.

ஹைரம் ஸ்டோடர்ட் என்ற தொழிலாளி வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவன் இல்லை. கை ஆடியதும், தேவாலயத்தில் எழுந்து நின்று குடிகாரன் என்று ஒப்புக்கொண்டால்தான் கம்பெனி வீட்டில் இருக்கலாம் என்றார் லூசியஸ். குளிர்காலம், நான்கு குழந்தைகள். ஹைரம் ஒப்புக்கொண்டான். பனி உருகுவதற்கு முன் செத்தும் போனான். அவன் ஒப்புக்கொண்ட அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தவள் அல்மைரா.

இப்போது வினை வீடு தேடி வந்திருந்தது. வாஷிங்டன் சட்டசபையில் பேசும்போது லூசியஸின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் குலுங்கிச் சட்டையெல்லாம் நனைந்ததாம். மதுவிலக்குக்காரர் போதையில் தள்ளாடினார் என்று பத்திரிகைகள் சப்புக்கொட்டி எழுதின. ஞாயிறன்று எல்லார் முன்னும் பதில் சொல்ல வேண்டும் என்று தேவாலயப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"ஏங்க, உள்ளதைச் சொல்லிடுங்க. பாதரசம்னு சொல்லிடுங்க. ஊருக்கே தெரிஞ்சதுதானே?" என்றாள் அல்மைரா.

"ஊருக்குத் தெரியறது வேற, நான் வாயைத் திறந்து சொல்றது வேற. சொன்னா ஒவ்வொருத்தனும் கோர்ட்டுக்கு ஓடுவான். ஃபேக்டரிக்குப் பூட்டுதான்."

"போடட்டுமே! நம்ம ஏசா அந்தத் தொட்டிகிட்டதான் நாள் முழுக்க நிக்கிறான். நான் கரடியாக் கத்தறேன், கேக்கறானா? 'அப்பாவே அது குடிதான்னு சொல்றாரு, நான்தான் குடிக்கிறதில்லையே'ங்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வெளிய வந்துடுவான். பெத்த புள்ளைங்க!"

லூசியஸ் பைபிளை எடுத்து வைத்துக்கொண்டார். பக்கங்கள் படபடவென்று அடித்தன. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

ஞாயிறன்று தேவாலயத்தில் நிற்க இடமில்லை. ஆண்கள் பாதிப் பேர் கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்கள். எதிர்வரிசையில் ஹைரமின் விதவை டெலியா, கறுப்பு உடையில், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். லூசியஸ் எழுந்து முன் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார். பலகையும் சேர்ந்து கடகடத்தது. சொல்லிடுங்க, சொல்லிடுங்க என்று அல்மைரா மனசுக்குள் கெஞ்சினாள்.

"சகோதரர்களே, என்னை மன்னிக்கணும். எனக்கு... குடிப்பழக்கம் இருக்கு."

டெலியாவின் உதடு கோணியது. அட பாவி மனுஷா, ஹைரம் சொன்ன அதே பொய், அதே இடத்தில்!

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏசா மெதுவாக எழுந்தான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, முகம் வெளுத்திருந்தது. வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து அப்பாவின் கைக்குப் பக்கத்தில், அதே பலகையில் வைத்தான். அந்த விரல்களும் ஆடின. எத்தனை நாளாக ஒளித்து வைத்திருந்தானோ, பெற்றவளுக்கே தெரியவில்லை.

"அப்பா, எனக்கு ஏன் ஆடுது? நான்தான் சாராயத்தைத் தொட்டதே இல்லையே."

லூசியஸ் மகனின் கையைப் பார்த்தார். தேவாலயம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியது. சொல்லிவிடப் போகிறார் என்றுதான் அல்மைரா நினைத்தாள்.

"நீயும் குடிக்கிற, ஏசா," என்றார். "ஒத்துக்கோ."

ஏசா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாப்பா" என்றான்.

அல்மைரா எழுந்துவிட்டாள். கால் எப்படி நடந்ததென்று அவளுக்கே தெரியாது, நேரே எதிர்வரிசைக்குப் போய் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரேன், டெலியா."

டெலியா தன் கையுறையைச் சரிசெய்துகொண்டாள். இடம் விடவில்லை.