கயிறு கட்டாத சரக்கு

ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் தினார். புத்தகக் கடை ஜவ்தத் எனக்குத் தர வேண்டிய கூலி அவ்வளவு. கராதா பகுதியில் இறந்துபோன ஒரு பல் மருத்துவரின் வீட்டுப் புத்தகங்களை அவர் மொத்தமாக விலைபேசி வாங்கியிருந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. ஆகஸ்ட் வெயிலில் பெட்டி பெட்டியாக முதுகில் இறக்கி, வேனில் ஏற்றி, புத்தகத் தெருமுனையிலிருந்து தள்ளுவண்டியில் அவர் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "வித்ததும் தர்றேன்" என்றார். விற்றார். தரவில்லை.

பாக்தாதில் அந்தத் தெருவில் சுமை தூக்கியே என் முதுகு வளைந்தது. பெயர் கத்பான். மகள் பெயரைச் சேர்த்து அபூ ஸஹ்ரா என்று கூப்பிடுவார்கள். இத்தனை வருடம் புத்தகம் சுமந்தும் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போன குளிர்காலத்தில்தான் மசூதியை ஒட்டிய மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டேன்.

கூலியைக் கேட்கத் தேநீர்க் கடைக்குப் போனேன். ஜவ்தத் பேராசிரியர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களா? நம்ம கழுதைக்கு இப்ப அலிஃப் பா எழுத்தெல்லாம் வருதாம். கணக்கும் வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. கடையில மூணு மூட்டை கிடக்கு. எந்த அலமாரியிலயும் சேராத குப்பை. எடுத்துட்டுப் போ, ஃபலாஃபில் கடையில பொட்டலம் மடிக்கக் குடு. கூலியை அப்புறம் பார்க்கலாம்."

அவர் தொழில் அப்படி. சட்டத்துக்கு ஒரு அலமாரி, வரலாற்றுக்கு ஒரு அலமாரி, தொகுதி குறையாத வரிசைகள், பட்டியலோடு வரும் ஆட்கள். இனம் சேராத புத்தகம் அவருக்குப் புத்தகமே இல்லை.

மூட்டைகளை வீட்டில் கொட்டினேன். எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தேனீ வளர்ப்பு. டைக்ரிஸ் ஆற்று மீன்கள். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பது. அட்டை இல்லாத ஒரு சான்சிபார் பயணம். சதுரங்கம். பாலம் கட்டுவது. குழந்தைகளுக்கான நட்சத்திரப் புத்தகம். கூட்டில் கிழட்டு ராணியை மற்ற தேனீக்கள் எப்படிக் கொல்லும் என்று படித்துவிட்டு அடுத்ததை எடுத்தால், அம்பா என்கிற மாங்காய் ஊறுகாய்க்கு வெந்தயம் எப்போது போட வேண்டும் என்று இருந்தது. படித்தவர்கள் இத்தனை நாளாக இதையெல்லாம் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஃபலாஃபில் கடைக்குக் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஜவ்தத் கடைக்கு நேர் எதிரே, நடைபாதையில் பழைய திரைச்சீலையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். வேண்டுமென்றே இனம் பிரிக்கவில்லை. மீனுக்குப் பக்கத்தில் பாலம், பாலத்துக்கு மேல் ஊறுகாய். அவர் கண் உறுத்த வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

ஆனால் ஆட்கள் நின்றார்கள். பட்டியல் வைத்திருப்பவன் கடைக்குள் போய்விடுவான். என்ன வேண்டும் என்றே தெரியாமல் தெருவுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று அன்றுதான் கண்டேன்.

ஒரு டாக்சிக்காரன் குத்த வைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் புரட்டினான்.

"என்ன ஹாஜி, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே?"

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகலை. உன் வண்டியில ஏறுறவங்க மட்டும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா?"

சிரித்துக்கொண்டே தேனீயை எடுத்துப்போனான். அடுத்த வாரம் கடிகாரத்துக்கு வந்தான். மகனுக்குப் பள்ளிப் புத்தகம் தேடிவந்த ஒரு பெண் நட்சத்திரப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துவிட்டாள். "பையனுக்கா?" என்றேன். "அவனுக்கு எதுக்கு? எனக்கு. விலையைச் சொல்லுங்க" என்று அதட்டினாள். பணத்தைக் கொடுத்தாள், ஆனால் புத்தகத்தை என் விரிப்பிலேயே விட்டுப்போனாள். வீட்டில் படிக்க விடமாட்டார்களாம். வெள்ளிதோறும் வந்து சுவரோரம் நின்று படிப்பாள்.

ஜவ்தத்தின் பேராசிரியர்களில் இரண்டு பேர் சதுரங்கப் புத்தகத்துக்காக என் முன்னால் குனிந்து நின்ற நாளில் அவர் தெருவைக் கடந்து வந்தார்.

"என் புஸ்தகத்தை வித்து வயிறு வளர்க்கிறியா? உன் கூலி இதுலயே கழிஞ்சுபோச்சு. இனி கடன் கிடன்னு என் வாசல்ல நிக்காதே."

"கூலி அப்புறம்னு தேநீர்க் கடையில நீங்கதானே சொன்னீங்க உஸ்தாத்?"

"கழுதைகிட்ட சொன்னதெல்லாம் ஒரு வாக்கா?"

சொல்லிக்கொண்டே, செருப்புக் காலோடு விரிப்பில் ஏறி அந்த நட்சத்திரப் புத்தகத்தை எத்தினார். அது சாக்கடை ஓரம் போய் விழுந்தது. சுவரோரம் நிற்கிறவள் அன்று வரவில்லை. வராமலிருந்தது நல்லதுதான்.

கை ஓங்கிவிட்டேன். அடித்தால் இரண்டு குலமும் கூடிப் பேசும், கடைசியில் தண்டம் நான்தான் கட்டுவேன். சிரமப்பட்டுக் கையை இறக்கினேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கொடுத்தால் போதாது. கொடுக்க முடியாமல் தவித்துக் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் தெருவில் ஏலம் நடக்கும். கலப்புப் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டி ஸப்ரி கூவுவார். கட்டை அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. மேலே சமையல் தெரியும், அடியில் விமானம் இருக்கும். அந்த ஆசையில்தான் கூட்டம் வரும். ஏலத்தில் ஏறியது இறங்காது, காசு அங்கேயே, அப்போதே. கை தூக்கிவிட்டுப் பின்வாங்கினவன் அப்புறம் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. ஜவ்தத்தின் நல்ல சரக்கெல்லாம் அங்கே பிடித்ததுதான்.

இரண்டு கட்டுகளுக்கு நடுவில் நான் போய் நின்றேன்.

"ஸப்ரி, என்கிட்ட ஒரு சரக்கு இருக்கு."

"எங்கே, கயிறு கட்டலையா?"

"கட்ட முடியாது. ஜவ்தத் எனக்குத் தர வேண்டிய கடன். ஒரு லட்சத்து எண்பத்தைஞ்சாயிரம். எடுக்கிறவங்க வசூல் பண்ணிக்கலாம். தேநீர்க் கடையே சாட்சி."

ஸப்ரி தொண்டையைச் செருமினார். அவர் கமிஷனிலும் ஜவ்தத் பலமுறை கை வைத்திருக்கிறார்.

"ஒரே பிரதிதானா, கண்ணு?"

"ஒரே பிரதி."

"நிலைமை?"

"ஆகஸ்ட்லேர்ந்து யாரும் திறக்கலை. கொஞ்சம் செருப்புக் கறை இருக்கு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. டாக்சிக்காரன் ஐயாயிரத்தில் தொடங்கினான். அடுத்த கடை அபூ நவார் ஐம்பதாயிரம் என்றார். அவரும் ஜவ்தத்தும் முகம் பார்ப்பதில்லை.

"வாங்கி என்னய்யா பண்ணப்போறே?" என்று யாரோ கேட்டார்கள்.

"கண்ணாடி அலமாரியில வைப்பேன். கீழே பேரும் விலையும் எழுதிப் போடுவேன். பேராசிரியருங்க வந்து படிக்கட்டும்."

சிரிப்புச் சத்தம் கேட்டு ஜவ்தத் ஓடிவந்தார். முகம் பீட்ரூட்டாக இருந்தது.

"நிறுத்து ஸப்ரி! நான் இவனுக்குக் குடுத்துடறேன்."

"ஏறின சரக்கு இறங்காது உஸ்தாத். வேணும்னா நீங்களும் கேளுங்க."

"கடனே கிடையாது!"

"அப்போ எதுக்குப் பதறுறீங்க? அபூ நவார் காத்தைத்தானே வாங்குறார்? ஐம்பது... ஐம்பது..."

ஜவ்தத் கை தூக்கினார். எழுபது. அபூ நவார் நூறு. நூற்றுப் பத்து. நூற்றைம்பது. கடனின் முழுத்தொகை வந்ததும் ஸப்ரி நிறுத்தி, "சரக்கோட விலைக்கே வந்தாச்சு, இதுக்கு மேல ஆசைதான்" என்று சொல்லி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அபூ நவார் அவசரமே படாமல் தேநீரை உறிஞ்சிவிட்டு இரண்டு லட்சம் என்றார். பேராசிரியர்கள் தேநீர்க் கடை மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜவ்தத் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார்.

ஜவ்தத் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்றதும் அபூ நவார் கையை விரித்தார். ஸப்ரி மூன்று முறை கூவி முடித்தார்.

ஜவ்தத் கடைக்குப் போய்ப் பணத்தோடு வந்தார். ஸப்ரி தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் கையில் வைத்தார். ஜவ்தத் எனக்கு மிக அருகில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

"தீர்ந்ததா உன் கடன்?"

"என் கடன் தீர்ந்தது உஸ்தாத். இது இப்போ உங்க சரக்கு, நீங்க ஏலத்துல எடுத்தது. ஜவ்தத்னு ஒரு ஆள் இருக்கார், சீக்கிரம் குடுக்கமாட்டார். வாசல்ல நின்னு கேட்டு வாங்கிக்கங்க."